நொடிக்கு ஐம்பது தடவை

நாலு போன் எனக்கு.
ஒன்று ஜீன்ஸ் பொக்கற்றில், ஒன்று கைப்பையில்,
ஒன்று இடுப்புப் பட்டியில்,
மற்றது கையில், ஆருக்கோ அவசரமாய் எழுதுகிறவள் மாதிரி.
மூன்று மாத ஒப்பந்தம்.
மருதானையில் பழைய களஞ்சியமொன்றின் மேல்மாடியில்
ஏசிக் குளிருக்குள் இருக்கிற கம்பனிக்கு
நான் நடந்து காட்டவேண்டும்.

நடந்தால் ‘நடக்கிறார்’ என்று அமத்துவேன்.
படியென்றால் ‘ஏறுகிறார்’.
நூறாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினால்
‘வாகனத்தில்’.
நொடிக்கு ஐம்பது தடவை போன் என்னை அளக்கும்,
சாய்வு, குலுக்கம், வெளிச்சம், சத்தம்.
போகப் போக நான் அமத்தாமலே
தானாய்க் கண்டுபிடித்து
சிநேகிதர் எல்லாருக்கும் சொல்லிவிடும்.
“நீ ஒன்றும் எழுதத் தேவையில்லை,
வாழ்ந்தால் போதும்” என்றான் ருவன்த.
சிங்களத்தில் அது இன்னும் வடிவாய் இருந்தது.

முதல் மாதம் அது ஒரு மொக்கு.
பம்பலப்பிட்டியில் ஓட்டோ குழிக்குள் விழுந்தெழும்ப
நான் குதிரைச் சவாரி செய்வதாக அறிவித்தது.
பட்டியலில் குதிரைக்கு இடமிருந்தது,
எந்த ஊர்க்காரன் போட்டானோ.
வெள்ளவத்தை நாலாம் மாடியில்
சம்பலுக்குத் தேங்காய் திருவினேன்:
‘துடுப்பு வலிக்கிறார்.’
கீழே டெல்ஷியா எழுதினாள்:
“எந்தத் தீவுக்கடி? என்னையும் ஏத்து.”
அவளும் நாலு போன்காரிதான்.
தெஹிவளைப் பக்கம் அவளுக்கு, இந்தப் பக்கம் எனக்கு.
கடற்கரைத் தண்டவாளத்தில் இரண்டு பேரும் சந்திப்போம்.
எட்டு போனும் ஒன்றையொன்று மோப்பம் பிடித்து
‘நண்பருடன்’ என்று போடும்.
அதில் மட்டும் அது பிழைவிட்டதில்லை.

பிறகு படித்துக்கொண்டது.
நான் பிந்தப்போகிறேன் என்பது
எனக்கு முதல் அதற்குத் தெரிந்தது.
ஸ்காபரோவிலிருந்து மச்சாள் கேட்டாள்,
வியாழன் சாமம் ஒன்றரைக்கு ஏன் நடந்தனீ,
வீட்டுக்குள்ளேயே நானூற்றுப் பத்து அடி?

டெல்ஷியாவின் இரத்தத்தட்டு எண்ணிக்கை வரும் வரைக்கும்
நடந்தேன் என்று சொல்லவில்லை.
முப்பத்தெட்டாயிரம் வந்தது.
பிறகு பதினொன்று.
பிறகு ஒருவரும் எண்ணவில்லை.
அவளுடைய லேனில்
தோண்டிப் பாதியில் விட்ட அத்திவாரம் ஒன்று,
மழைத்தண்ணி, நுளம்பு.
ஐந்து நாள், அவ்வளவுதான்.

பொரளை மலர்ச்சாலை வாசலில்
போனை அணைக்க நினைவு வரவில்லை.
‘பூக்கடையில்’ என்றது அது,
மலர் என்ற சொல்லை நம்பி.
உள்ளே குளிர். நீல மின்விளக்கு.
அவளுக்குப் பூசியிருந்த உதட்டுச்சாயம்
அவளுடைய நிறமே இல்லை.
என் தோள் குலுங்கியது.
மூச்சு முறிந்து முறிந்து வந்தது.
சாய்வு, குலுக்கம், சத்தம்.
யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது:
‘சிரிக்கிறார்.’

முப்பத்தொரு இதயம் விழுந்திருந்தது, இரவு பார்த்தபோது.
“தனியச் சிரிக்காதை, எங்களுக்கும் சொல்லு.”

திங்கள் திருத்த நாள்.
பிழையாய்ச் சொன்னதை எல்லாம் பிடித்து
சரியான பெயரைத் தெரிவுசெய்ய வேண்டும்.
பட்டியலை உருட்டினேன்.
ஓடுதல், குதித்தல், பல் துலக்கல்,
குதிரைச் சவாரி, துடுப்பு,
சிரித்தல்.
மேலே போய் மறுபடி உருட்டினேன்.
அழுதல் இல்லை.
“புதுசாய் ஒன்று போடுவதென்றால்
வெளிநாட்டிலிருந்து அனுமதி வேணும்” என்றான் ருவன்த
என் முகத்தைப் பாராமல்.
அவனுடைய போனும் அன்று அங்கே இருந்தது.
அதே நேரம், அதே குலுக்கம்.
இரண்டு கோட்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தான்.
தொண்ணூற்றாறு வீதம் பொருந்தியது.
“நல்ல மாதிரி” என்றான்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும்.
‘சரி’ என்பதை அமத்தினேன்.

இனி எந்த ஊரிலோ, நீங்கள் ஆரோ,
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கும்போது
உங்கள் சிநேகிதர் இதயம் இதயமாய் அனுப்புவார்கள்.
அவர்களை ஏசாதீங்கோ.
போனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தான்,
மருதானையில், ஒரு திங்கட்கிழமை,
பஸ்ஸுக்குப் பிந்துமென்று.